பின்தகட்டில் ஒரு தூண்டில்

ராயபுரத்தில் வேதமாணிக்கம் மோட்டார் பட்டறையில் லீக்கு என்று கூப்பிட்டால் தண்டபாணி திரும்பிப் பார்ப்பான். ஒழுகுகிற ரேடியேட்டர்களுக்கு ஈயம் பற்றவைக்கிறவன் என்பதால் அந்தப் பெயர் என்று வண்டி கொண்டுவருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பட்டறை ஆட்களுக்கு விஷயம் தெரியும். யுத்த காலத்தில் ராணுவப் பட்டறையில் தண்டபாணி ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் காருக்கு வெப்பம் காட்டும் கேஜைப் பழுதுபார்த்தான். பற்றவைத்த இடம் ஒழுகியது. அதிகாரியின் இஞ்சின் வெந்துபோயிற்று. தண்டபாணிக்கு வேலை போயிற்று. இதை அவர்களுக்குச் சொன்னவர் முதலாளி வேதமாணிக்கம். கேலியாகச் சொல்லவில்லை. "பாவம்டே அவன். அவன்கிட்ட யாரும் அதப் பத்திப் பேசப்படாது, கேட்டியளா," என்று இரக்கப்பட்டுத்தான் சொன்னார். மறுநாளே தகரம் தட்டும் செல்வம் அந்தப் பெயரை வைத்துவிட்டான்.

தண்டபாணி கோபித்துக்கொள்ளவில்லை. செய்த தப்புதானே என்று இருந்துவிட்டான்.

அவன் காசிமேட்டில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். பதினேழு வயதுவரை அப்பனோடு கட்டுமரத்தில் போனான். பிறகு கடியாரம் ரிப்பேர் செய்யும் ஒரு கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். அப்பன் ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை. யுத்தம் வந்ததும் தண்டையார்பேட்டைக்கு அப்பால் தகரக் கொட்டகைகள் எழுந்தன. ராணுவப் பட்டறை. நுணுக்கமான வேலைக்குக் கை வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். தண்டபாணியின் கையைப் பார்த்துவிட்டு கேஜ் பகுதியில் போட்டார்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவர் வேதமாணிக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தண்டபாணியைவிட நாலு வயது பெரியவர். தண்டபாணி அவரை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. கேஜை முடித்து மூடுவதற்கு முன் பின்தகட்டின் உள்பக்கம் கூர் ஆணியால் வேலை எண்ணைக் கீற வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில், அந்த வேலையைச் செய்தவனின் குறி. பெயர் கூடாது, குறிதான். குமாஸ்தா அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வான். வேதமாணிக்கத்தின் குறி சிலுவை. தண்டபாணியின் குறி தூண்டில் முள். மூன்றே கீறல்தான், கண்ணை மூடிக்கொண்டு போடுவான்.

நாற்பத்து நாலாம் வருஷம் ஒரு நாள் அதிகாரி அவனைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு கேஜ் மூடியபடி கிடந்தது. குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டி, "417. தூண்டில். உன் குறிதானே?" என்றான். அதற்கு முந்தின வாரம் அவன் மனைவி அங்கம்மாவுக்குப் பிரசவம். குழந்தை தங்கவில்லை. அந்த வாரத்தில் எத்தனை கேஜ் பார்த்தான், எதில் எப்படிப் பற்றவைத்தான் என்று தண்டபாணிக்கு ஒன்றும் நினைவில்லை. "இருக்கும்," என்று சொன்னான். குமாஸ்தா அதை இங்கிலீஷில் அதிகாரிக்குச் சொன்னான். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வேலை எண் 417, கவனக்குறைவு என்று கையில் கொடுத்த காகிதத்தில் எழுதியிருந்தது.

வாசல்வரை கூடவே வந்தவர் வேதமாணிக்கம் ஒருவர்தான். "மனசு சரியில்லாத நேரம்டே. யாருக்கும் வரும். நான் இருக்கேன்லா," என்றார்.

இருந்தார். யுத்தம் முடிந்து, சேர்த்த காசில் ராயபுரத்தில் பட்டறை போட்டதும் முதலில் கூப்பிட்டது தண்டபாணியைத்தான். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் புதுக் கம்பெனிகள் வந்து ஆள் எடுத்தபோது தண்டபாணி இரண்டு இடத்தில் போய் நின்றான். யுத்தத்தின்போது எங்கே இருந்தாய், காகிதம் காட்டு என்றார்கள். காட்டினான். மூன்றாவது இடத்துக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு வேதமாணிக்கம் அவனுக்கு வேட்டியும் அங்கம்மாவுக்குச் சேலையும் கொடுப்பார். அங்கம்மா ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தபோது வீட்டுக்கு அரிசி அனுப்பினார். இப்படிப் பதினோரு வருஷம்.

அந்தப் பதினோரு வருஷத்தில் தண்டபாணி ஒரு கேஜைக்கூடத் தொடவில்லை. மெல்லிய குழாயைப் பார்த்தாலே கை நடுங்கும். ரேடியேட்டரில் நடுக்கம் தெரியாது. ஈயம் கொஞ்சம் கூட வழிந்தால் அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம்.

அலி அக்பர் அந்தக் காரைக் கொண்டுவந்தது ஒரு வியாழக்கிழமை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய பந்தயக் கார். பச்சை பெயின்ட், நீளமான மூக்கு, கதவு இடுப்புக்குக்கூட வராது. பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருக்கிறவரின் மகன் அவன். வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போனபோது விற்றுவிட்டுப் போன வண்டி, இரண்டு மூன்று கை மாறி அவனிடம் வந்திருந்தது.

"அண்ணாச்சி எங்கே?" என்றான்.

"தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம்னு ஊருக்குப் போய்கீறாரு. சனிக்கெழம காலைல வந்துருவாரு," என்றான் செல்வம்.

"ஞாயித்துக்கிழமை சோழவரத்துல ரேஸ். போன தடவ பாதியில கொதிச்சு நின்னுட்டேன். எவ்வளவு சூடுன்னு தெரிஞ்சாத்தானே பெடல்லேருந்து காலை எடுக்க முடியும்? இந்த ஊசியானா நான் வாங்கின நாள்லேருந்து செத்துக் கிடக்குது."

"நம்ம லீக்கு கையில குடு பாய். அவரு கேஜுல பெரிய ஆளு. ஒரு இஞ்சினையே வேகவச்சுக் குடுத்தவரு," என்றான் செல்வம். கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த இன்னாசி சிரித்தான்.

தண்டபாணி நிமிரவில்லை. "கேஜு நான் பாக்கறதில்ல பாய். அண்ணாச்சி வரட்டும்."

"பாக்க வேணாம் மிஸ்திரி. கழட்டி மட்டும் குடு. மவுண்ட் ரோட்டுல ஒரு கடையில பாக்குறாங்களாம். சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

கழற்றுவதில் என்ன இருக்கிறது? சரி என்றான்.

ரேடியேட்டரின் அடியில் குழாயைத் திறந்து பாதித் தண்ணீரை வடித்தான். மேல்தொட்டியின் பக்கவாட்டில்தான் குப்பி உட்கார்ந்திருக்கும். விரல் பருமனில் செம்புக் குப்பி, அதற்குள் ஈதர். தண்ணீர் சூடானால் ஈதர் ஆவியாகி விரியும். அந்த அழுத்தம் தையல்நூல் பருமனுள்ள ஒரு குழாய் வழியாக ஓடி, ஓட்டுபவன் முன்னால் இருக்கும் கேஜில் ஊசியைத் தள்ளும். அந்தக் குழாயை நரம்பு என்பார்கள். குப்பி, நரம்பு, கேஜ் மூன்றும் ஒரே உடம்பு. எங்காவது ஒரு பொட்டு ஒழுகினால் ஈதர் பறந்துவிடும். அதற்குப் பிறகு ஊசி எழுந்திருக்காது.

மரையைத் தளர்த்திக் குப்பியை உருவினான். நரம்பைப் பிடித்திருந்த கவ்விகளை ஒவ்வொன்றாக விடுவித்தான். பிறகு ஓட்டுபவன் பக்கம் வந்து காலை வெளியே நீட்டி மல்லாந்து படுத்துக்கொண்டு, பலகைக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு திருகுகளைக் கழற்றினான். கேஜ் உள்ளங்கையில் வந்து விழுந்தது. நரம்பை மடங்காமல் சுருட்டிச் சுருட்டி, தடுப்புத் தகட்டின் ஓட்டை வழியாகக் குப்பியோடு உள்ளே இழுத்தான். எல்லாம் கைக்கு நினைவிருந்தது.

எழுந்து உட்கார்ந்து பார்த்தான். கேஜிலிருந்து ஒரு சாண் தள்ளி நரம்பில் ஒட்டுப்போட்ட இடம். ஈயம் புற்றுமாதிரிக் குவிந்திருந்தது. அழுக்கைச் சுரண்டாமலே பற்றவைத்த வேலை. எவனோ பட்டறையையே பார்க்காதவன் செய்தது என்று நினைத்துக்கொண்டான். சும்மா கிடக்க மாட்டாமல் பின்தகட்டின் மூன்று திருகுகளைக் கழற்றினான்.

உள்ளே 417 என்று கீறியிருந்தது. பக்கத்தில் ஒரு தூண்டில்.

செல்வம் தகரம் தட்டுவது எங்கோ தூரத்தில் கேட்டது. அந்தக் கார்தான். அப்போது அவன் காரைப் பார்த்ததில்லை, கேஜ் மட்டும்தான் பட்டறைக்குள் வரும். என் வேலைதானா இது, இவ்வளவு அசிங்கமாகவா செய்தேன் என்று ஈயக் குவியலை மறுபடி பார்த்தான். அந்த வாரம் புத்தி எங்கே இருந்தது என்று அவனுக்கே தெரியாது. இருக்கும்.

தகட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான்.

தூண்டிலின் நுனிக்குக் கீழே ஒரு சின்ன எதிர்முள் இருக்கும். கவ்விய மீன் கழன்று போகாமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். அது வளைவின் உள்பக்கம், தண்டைப் பார்த்து இருக்கும். வெளிப்பக்கம் வைத்தால் மீனுக்கு எந்தத் தடையும் இல்லை, கழன்று போய்விடும். கடற்கரையில் நாலு வயதுப் பிள்ளைக்கு இது தெரியும். மணலில் குச்சியால் கிறுக்கினாலும் உள்ளேதான் போடும்.

இந்தத் தூண்டிலில் எதிர்முள் வெளிப்பக்கம் இருந்தது.

அவன் தகட்டைத் திருப்பிப் பார்த்தான். தலைகீழாக வைத்துப் பார்த்தான். எப்படி வைத்தாலும் அது வெளியேதான் இருந்தது. தூண்டிலை எப்போதோ தூரத்திலிருந்து பார்த்தவன் போட்ட படம். கேஜ் பகுதியில் கைவைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் கடற்கரைக்காரன். இன்னொருவருக்கு ஊர் பனங்காடு. கடலைப் பார்த்ததே மெட்ராஸுக்கு வந்த பிறகுதான்.

சாயங்காலம் அலி அக்பர் வந்தான்.

"நானே பாக்கறேன் பாய். சனிக்கெழம மத்தியானம் வண்டிய எடுத்துக்கோ," என்றான் தண்டபாணி.

"அட, காலைல மாட்டேன்னியே?"

"இப்ப பாக்கறேன்."

செல்வம் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

வீட்டுக்குப் போனதும் தண்டபாணி தகரப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து காகிதத்தை எடுத்தான். மடிப்புகளில் கிழிந்திருந்தது. எண்ணைப் பார்த்தான். அங்கம்மா மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அத்த இன்னாத்துக்கு இப்ப எடுத்த?"

சொன்னான். முழுவதையும் சொன்னான். அவள் கையைப் புடவையில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாவி அரிசி அனுப்சானே, அத்தத் துன்னுட்டுத்தானே நான் எழுந்து ஒக்காந்தேன்," என்றாள். பிறகு, "நான் அன்னிக்கே கேட்டனா இல்லியா? நீதான் செஞ்சியான்னு கேட்டேன். இருக்கும்னு சொன்ன. எவனாவது அப்பிடிச் சொல்லுவானா? உங் கையி உனுக்குத் தெரியாதா?"

"தெரியல. அன்னிக்குத் தெரியல."

"எங்கொழந்த செத்த வாரத்த பாத்து உம்மேல எழுதிக்கீறான்." அவள் குரல் ஏறவில்லை. "இன்னா பண்ணப் போற?"

"மொதல்ல கேஜை முடிக்கணும். ஐஸ் வோணும். ஒரு கூடை. உப்பும்."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் மறுநாள் காலையில் மீன் ஏலத்துக்குப் போனவள் சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியும், மடியில் கல்லுப்புமாகப் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"இன்னாடா லீக்கு, மீனு விக்கப் போறியா?" என்றான் செல்வம்.

"உன்ன அறுத்து இதுல வெக்கப் போறாரு. போய் உன் வேலயப் பாரு," என்றாள் அங்கம்மா. ஐஸை இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மூர் மார்க்கெட்டில் யுத்தக் கழிவு ஏலத்திலிருந்து வேதமாணிக்கம் வாங்கிப் போட்ட கேஜ் பெட்டி ஒன்று அலமாரியில் இருந்தது. அதிலிருந்து கண்ணாடி உடைந்ததாக, ஆனால் கையால் குப்பியைப் பொத்தினால் ஊசி லேசாக அசைவதாக ஒன்றைத் தேடி எடுத்தான். அதன் குப்பியில் ஈதர் உயிரோடு இருக்கிறது. அந்தக் குப்பியையும் நரம்பையும் வெட்டி, அலி அக்பரின் கேஜ் தலையோடு ஒட்ட வேண்டும். ஆனால் நரம்பை வெட்டிய மறுநிமிஷம் ஈதர் பறந்துவிடும். பறக்காமல் இருக்க ஒரு வழிதான் உண்டு. ஐஸை நொறுக்கி உப்புப் போட்டுக் கலந்து அதற்குள் குப்பியைப் புதைத்துவிட்டால் ஈதர் முழுவதும் உறைகுளிரில் குப்பிக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். வெறும் ஐஸ் போதாது. மீனை ரயிலில் அனுப்புகிறவர்களுக்கு அது தெரியும். ராணுவப் பட்டறையில் அந்த யோசனையைச் சொன்னவனே தண்டபாணிதான். 

குப்பியைப் புதைத்து ஒரு மணிநேரம் விட்டான். அலுமினியப் பேசினின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்தது. பழைய ஒட்டை வெட்டி எறிந்தான். கேஜின் தலையில் மிஞ்சியிருந்த நரம்பின் நுனியை உப்புத்தாளால் தேய்த்தான், செம்பு ரோஜா நிறமாகும்வரை. மாற்றுக் கேஜின் நரம்பை அறுத்தான். மூக்கை வைத்துப் பார்த்தான். வாசம் இல்லை. இரண்டு நுனிகளையும் ஒரு குட்டிப் பித்தளை உறைக்குள் இரண்டு பக்கமிருந்தும் நுழைத்தான். தீ காட்டக் கூடாது, ஈதர் பற்றிக்கொள்ளும். பற்றவைக்கும் இரும்பை வேறு மூலையில் அடுப்பில் காய்ச்சி, நவச்சாரத்தில் தேய்த்து, எடுத்துவந்து உறையின் அடியில் வைத்தான். ஈயத்தை மேலே தொட்டான். அது உருகி, உறையைச் சுற்றி ஒரு கோடாக ஓடி நின்றது. உள்ளே போகவில்லை. வழியவும் இல்லை.

அப்போதுதான் கவனித்தான். கை நடுங்கவே இல்லை.

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பதினோரு வருஷம் இந்தக் கை சும்மாதான் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது என்று நினைத்தான்.

பேசினிலிருந்து குப்பியை எடுத்ததும் ஊசி மெல்ல எழுந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்து, குப்பியையும் ஒரு வெப்பமானியையும் சேர்த்துத் தொங்கவிட்டான். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இரண்டும் ஒன்றுபோல ஏறின. இறக்கி வைத்தான். ஒன்றுபோல இறங்கின. நாலு தடவை செய்து பார்த்தான். பின்தகட்டை மட்டும் மூடவில்லை.

சனிக்கிழமை காலையில் வேதமாணிக்கம் ரயிலிலிருந்து நேரே பட்டறைக்கு வந்தார். கையில் கருப்பட்டிப் பெட்டி, மஞ்சள் பை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்ற பச்சைக் காரைச் சுற்றிவந்தார். செல்வமும் இன்னாசியும் டீக்கடைக்குப் போயிருந்தார்கள்.

"என்னடே, யாரு வண்டி?"

"அலி அக்பர் பாயிது. கேஜு ரிப்பேரு."

"நீயா பாத்தே?" அவர் முகம் நிஜமாகவே மலர்ந்தது. "சபாஷ்டே. நான் எத்தன தடவ சொல்லியிருப்பேன், பயத்த விடுன்னு."

தண்டபாணி மேஜையில் இருந்த சாக்கட்டியை எடுத்து நீட்டினான். "அண்ணாச்சி, இங்க ஒரு தூண்டி முள்ளு போடு."

"எதுக்குடே?"

"போடேன். சும்மாத்தான்."

கேட்கும்போது அவன் மனதுக்குள், உள்ளே போடு, உள்ளே போட்டுவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தான். போட்டிருந்தால் தகட்டைக் காட்டாமலே மூடியிருப்பான். வேதமாணிக்கம் சிரித்துக்கொண்டே குனிந்தார். ஒரு கோடு இழுத்தார், கீழே வளைத்தார், நுனியில் ஒரு சின்ன வெட்டு. வெளிப்பக்கம்.

தண்டபாணி பின்தகட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

அவர் எண்ணைப் படித்தார். சாக்கட்டியைக் கீழே வைத்தார். விரலில் ஒட்டிய வெள்ளையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"முள்ளு வெளியில இருந்தா மீனு மாட்டாது அண்ணாச்சி," என்றான் தண்டபாணி.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அன்னைக்கு நீ மத்தியானமே ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டே. உன் பங்கு வேல நாலு கெடந்துச்சு. நான்தான் பாத்தேன். உன் குறியப் போட்டேன், அரைநாள் கூலி உனக்குக் கொறையக்கூடாதுன்னு. நல்லதுன்னு நெனச்சுத்தான்டே போட்டேன். அவசரத்துல ஒண்ணு ஒழுகிப்போச்சு."

அது உண்மையா, இப்போது ஸ்டூலை இழுத்துப் போடும்போது பிறந்ததா என்று தண்டபாணிக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீதான் இருக்கும்னு சொல்லிட்டியே."

"நான் அங்க போறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். வாசல்ல கூட வந்தியே, அப்ப சொல்லியிருக்கலாம். பதினோரு வருசம் கீது."

"சொல்லியிருந்தா நான் போயிருப்பேன். நீ போகாம இருந்திருப்பே. அதுக்கப்புறம்? இந்தப் பட்டற ஏது? யோசிச்சுப் பாரு. உனக்கு நான் என்ன கொறவெச்சேன்?"

"நீ எனக்கு ஒண்ணும் கொறவெக்கல. அதான் பேஜாரு," என்றான் தண்டபாணி. "நீ கெட்டவனா இருந்திருந்தா நான் அன்னிக்கே சந்தேகப்பட்டிருப்பேன்."

வேதமாணிக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா, வியர்வையா என்று சொல்ல முடியவில்லை. "இப்பம் என்ன செய்யணும்ங்கே?"

"சொல்லணும். பட்டறையில எல்லாரு முன்னாலயும். லீக்கு நான் இல்லன்னு. செஞ்சது யாருன்னு. வேற ஒண்ணும் வாணாம்."

"சொல்லுதேன்டே. திங்கக்கிழம காலைல, ஜெபம் முடிஞ்சதும். ஆண்டவர் அறிய. இன்னைக்கு வண்டி போகணும்லா, இதை மூடிக் குடு."

தண்டபாணி தகட்டைப் பார்த்தான். காசிமேட்டில் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், பார்த்த உடனே சிரிப்பார்கள். ஆனால் தகடு அலி அக்பருடையது. வேறு தகடு இந்தக் கேஜுக்குப் பொருந்தாது. ஆணியை எடுத்து, பொய்த் தூண்டிலுக்குக் கீழே தன்னுடையதைப் போட்டான். மூன்று கீறல். எதிர்முள் உள்ளே. மூடி, திருகினான்.

மத்தியானம் அலி அக்பர் வந்து இஞ்சினை ஓடவிட்டான். ஊசி நூற்றெழுபது ஃபாரன்ஹீட்டுக்கு ஏறி அசையாமல் நின்றது. "அண்ணாச்சி, உங்க பட்டறைன்னா பட்டறைதான்!" என்று வேதமாணிக்கத்தின் கையைக் குலுக்கினான். பிறகு தண்டபாணியின் பக்கம் திரும்பி, "எவ்வளவு நாள் தாங்கும் மிஸ்திரி?" என்றான்.

"முப்பது வருசம். யாரும் தொறக்கவே வேண்டியதில்ல," என்றான் தண்டபாணி. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. அதற்குள் கார் தெருமுனை திரும்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் கடற்கரையில் வலை காய்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமைக்கு அங்கம்மா துவைத்த சட்டை எடுத்துக் கொடுத்தாள். "நான் வேணா வந்து நிக்கட்டா?" என்றாள். வேண்டாம் என்றான்.

திங்கட்கிழமைகளில் வேலை தொடங்குமுன் வேதமாணிக்கம் ஒரு சின்ன ஜெபம் செய்வார். ஆட்கள் யந்திரங்களுக்கு நடுவில் கைகட்டி நிற்பார்கள். அன்றைக்கு ஜெபம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. ஆமென் சொன்ன பிறகும் கண்ணைத் திறக்காமல் நின்றார். தண்டபாணி மேஜையைப் பார்த்தான். சனிக்கிழமை சாக்கட்டியால் போட்ட தூண்டில் அதில் இல்லை. யாரோ எண்ணெய்த் துணியால் துடைத்திருந்தார்கள்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றார். "தண்டபாணி ரேஸ் வண்டிக்குச் செஞ்ச வேலைய எல்லாரும் பாத்தியள்லா? பாய் ரெண்டாவதா வந்துட்டாராம். மெட்ராஸ்ல இந்த வேலைய வேற எவனும் செய்ய மாட்டான். எப்பமோ ஒருகாலத்துல என்னவோ நடந்துபோச்சு. மனுஷன்னா தப்பு நடக்கும். அத மன்னிக்கணும், மறக்கணும். இன்னையிலருந்து இந்தப் பட்டறையில அவன யாரும் லீக்குன்னு கூப்பிடப்படாது. கூப்பிட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும். அவ்வளவுதான். போய் வேலயப் பாருங்க."

தண்டபாணியின் பக்கம் அவர் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி மனசு யாருக்கு வரும்?" என்றான் இன்னாசி. செல்வம் வந்து தண்டபாணியின் தோளில் கைபோட்டான். அவன் முகத்தில் நிஜமான வெட்கம் இருந்தது. "மன்னிச்சுக்கோ நைனா. தமாசுக்குச் சொல்லிகினு இருந்தேன். இனிமே சொல்ல மாட்டேன். தண்டபாணி அண்ணேன்னே கூப்புடறேன்."

தண்டபாணி அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டான்.

"இன்னா சொல்லிகினு இருந்தியோ அதையே சொல்லு."

"இன்னா நைனா? அண்ணாச்சியே சொல்லிட்டாரு..."

"அதுக்குத்தான் சொல்றேன்." அவன் குரல் பட்டறை முழுவதும் கேட்டது. தன் அறை வாசலில் வேதமாணிக்கம் நின்றுவிட்டார். "அந்தப் பேரு இத்தினி வருசம் எனக்கு இருந்துச்சு. அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும். அவரு குடுக்கற பேரு எனுக்கு வாணாம்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு செய்கிற முதலாளியை இப்படியா பேசுவது என்று இன்னாசி முணுமுணுத்தான். வேதமாணிக்கம் உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து மணிக்கு துறைமுகத்து லாரி ஒன்று ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, யாரைக் கூப்பிடுவது என்று பார்த்தான். செல்வம் ஒரு கணம் தயங்கினான்.

"லீக்கு," என்றான் மெதுவாக. "ரேடியேட்டர் வந்துகீது."

"இன்னா," என்று கேட்டுக்கொண்டே தண்டபாணி எழுந்து போனான்.